வயித்துக்கும் ஒரு பைபாஸ்!

ஆவடி - மூர் மார்க்கெட் லோக்கலில் ஜன்னல் ஸீட் கிடைத்தால் ஒரு படிப்பு இலவசம். ரயிலோரச் சுவர்களில் கொட்டை எழுத்தில் எழுதியிருப்பார்கள்: 'மூலம், பவுத்திரம்... ஆபரேஷன் இல்லாமல்!' கீழே ஒரு ஃபோன் நம்பர். வருஷக்கணக்கில் படித்துப் படித்து, எனக்கு மனப்பாடமான ஒரே மருத்துவ சாஸ்திரம் அதுதான்.

அதனால்தான் அந்தப் பெரிய ஆஸ்பத்திரி டாக்டரம்மா, "உங்க மச்சானுக்கு ஃபிஸ்டுலா" என்று சொன்னதும், "பவுத்திரம்தானே மேடம்? அம்பத்தூர் ஸ்டேஷன் பக்கமே சுவத்துல நம்பர் இருக்கு" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. பக்கத்தில் நின்ற நர்ஸ் மட்டும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஃபிஸ்டுலா என்றால் லத்தீனில் குழாய், புல்லாங்குழல் என்று அர்த்தமாம். உடம்பில் இருக்கக் கூடாத இடத்தில் உண்டாகிவிட்ட ஒரு குழாய்வழி. சுவர் விளம்பரத்தில் வருவது ஆசனவாய்ப் பக்கத்தில் வருகிற வகை. மச்சானுக்கு வந்தது வேறு. குடலில் ஆரம்பித்து வயிற்றுத் தோலில் வந்து திறக்கும் வகை. சாப்பிட்டது, ஜீரண நீர், பித்தம் எல்லாம் அந்த வழியாகச் சட்டைக்குள் வந்து கொட்டும். ஆள் கண்ணெதிரே கரைவான்.

மச்சான் என்றால் என் அத்தை பையன். வயது 34. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஸி.என்.ஸி. மெஷின் ஆபரேட்டர். ஷிஃப்ட் வேலை. மத்தியானச் சாப்பாடு என்பது டீ, வடை, சிகரெட். முதுகு வலிக்கு மெடிக்கல் ஷாப்பில் தானே கேட்டு வாங்கிய மாத்திரை, அதுவும் வெறும் வயிற்றில். (இதைப் படிக்கும் உங்களில் எத்தனை பேர் இப்போது நெளிகிறீர்கள் என்று தெரியும்.) 2018-ல் ஒரு நாள் ராத்திரி, இரைப்பையைத் தாண்டியதும் வரும் டியோடினம் என்ற இடத்தில் புண் பொத்துக்கொண்டது. பக்கத்து நர்ஸிங் ஹோமில் அவசர ஆபரேஷன். ஓட்டையை அடைத்தார்கள். உயிர் பிழைத்தான்.

ஐந்தாம் நாள் கட்டில் மஞ்சளும் பச்சையுமாக ஏதோ ஊறியது. தையல் விட்டுவிட்டது.

இதற்கு யாரையும் திட்ட முடியாது ஸார். குடலில் போட்ட தையல் விட்டுப்போவது உலகத்தின் எந்தப் பெரிய சர்ஜனுக்கும் நேரக்கூடியது. குடல் ஃபிஸ்டுலாக்களில் பெரும்பாலானவை ஆபரேஷனுக்குப் பிறகு வருபவைதான். மிச்சம் குடல் காசநோய், கேன்ஸர், கிரோன் என்ற குடல் அழற்சி, விபத்துக் காயம் என்று வரும். எனக்குக் கோபம் அதற்கப்புறம் நடந்ததில்தான். எட்டு நாள் வெறும் பாட்டிலில் வைத்திருந்தார்கள்.

எட்டு நாள் கணக்கு

பெரிய ஆஸ்பத்திரிக்கு ஆம்புலன்ஸில் கொண்டுவந்தபோது டாக்டரம்மா கேட்ட முதல் கேள்வி: "எட்டு நாளா என்ன ஆகாரம்?"

அத்தை பெருமையாகச் சொன்னாள்: "ஒரு பருக்கை உள்ள போகலம்மா. கண்ணுல வெளக்கெண்ணெய் விட்டுப் பாத்துக்கிட்டேன். ஓட்டையான வயிறாச்சே!"

"அதான் பிரச்னை" என்றார் டாக்டரம்மா. பிறகு என் பக்கம் திரும்பி, "நீங்க என்ன படிச்சிருக்கீங்க?"

"பி.காம்."

"அப்ப கணக்குப் போடுங்க."

போட்டேன். அரை லிட்டர் குளுக்கோஸ் பாட்டில், நம் ஜனங்கள் 'பாட்டில் ஏத்தினா தெம்பு' என்று நம்புகிற அதே ஐந்து சதவீத பாட்டில். அதில் இருக்கும் சர்க்கரை 25 கிராம். அஞ்சு ஸ்பூன். கலோரி சுமார் 85. சலைன் பாட்டிலில் உப்புத் தண்ணீர் மட்டும், கலோரி பூஜ்யம். மச்சானுக்கு நாளொன்றுக்கு நாலு குளுக்கோஸ், ரெண்டு சலைன். ஆக மொத்தம் 340 கலோரி.

68 கிலோ ஆளுக்கு இந்த நிலைமையில் தேவை ஏறக்குறைய 2000 கலோரி. புரதம் கிலோவுக்கு ஒன்றரை கிராம் என்று வைத்தாலும் 100 கிராமுக்கு மேல். முட்டைக் கணக்கில் 17 முட்டை. கிடைத்த புரதம்? சைபர்.

வரவு இல்லாமல் செலவு மட்டும் நடக்கிற கம்பெனி என்ன செய்யும்? முதலைத் தின்னும். உடம்பு அதைத்தான் செய்கிறது. தொடைச் சதை, தோள் சதை, கடைசியில் மூச்சு விடுகிற தசை வரைக்கும் கரைத்துச் சாப்பிடும். புண் ஆறுவதற்கும், கிருமியோடு சண்டை போடுவதற்கும் புரதம் வேண்டும். அதற்கு ஸ்டாக் இல்லை. பதிமூன்றாம் நாள் மச்சான் 57 கிலோ.

ஏழு லிட்டர் ரகசியம்

நாம் ஒரு நாளைக்குக் குடிப்பதும் சாப்பிடுவதுமாக இரண்டு லிட்டர் உள்ளே போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதைச் செரிக்க உடம்பு தன் கையிலிருந்து உமிழ்நீர், இரைப்பை நீர், பித்தம், கணைய நீர், குடல் நீர் என்று சுமார் ஏழு லிட்டரைக் கடனாகக் கொடுக்கிறது. இருபது அடி நீளமுள்ள சிறுகுடலும், அதற்குப் பின்னால் பெருங்குடலும் அந்தக் கடனைச் சொட்டு விடாமல் திரும்ப வசூல் செய்கின்றன. கடைசியில் மலத்தோடு போவது 100, 200 மில்லிதான். எந்த பேங்கும் இவ்வளவு கறாராக வசூல் செய்ததில்லை.

நடுவழியில் ஓட்டை விழுந்தால் வசூலே நின்று போகிறது. தண்ணீர், உப்பு, புரதம், பித்தம் எல்லாம் வெளியே. ஒரு நாளைக்கு 500 மில்லிக்கு மேல் வந்தால் 'அதிகக் கசிவு' என்கிறார்கள். மச்சானுக்கு 1200. போதாக்குறைக்கு அந்த ஜீரண நீர் தோலையும் ஜீரணிக்கப் பார்க்கும். சுற்றிலும் வெந்து போன மாதிரி சிவந்துவிடும். பசை தடவி, பை ஒட்டி, தோலைக் காப்பாற்றுவதே நர்ஸ்களுக்குத் தனி வேலை.

இந்த நோய்க்கு வைத்தியத்தில் ஒரு வரிசை உண்டு. முதலில் சீழ், அப்புறம் சோறு, அப்புறம் ஓட்டை எங்கே எப்படி என்ற வரைபடம். கத்தி கடைசியில்தான். அவசரப்பட்டு வரிசையை மாற்றினால், மெலிந்த உடம்பில் போட்ட புதுத் தையலும் விட்டுப் போகும்.

பள்ளத்துக்கு அப்பால்

மறுநாள் வயிற்றுக்குள் தேங்கிய சீழை வெளியேற்றினார்கள். அதே சமயம் ஓட்டைக்கு ரொம்பக் கீழே, நல்ல சிறுகுடலில் ஒரு மெல்லிய ட்யூபைச் செருகி வெளியே கொண்டுவந்தார்கள்.

"எதுக்கு மேடம்?"

"சாப்பாடு போட."

அத்தை நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். "ஓட்டை வயித்துலயா?"

அந்த இளம் டாக்டரம்மாவும் நம்ம ஏரியாதான் போலிருக்கிறது. "அம்மா, பூந்தமல்லியில இருந்து அம்பத்தூர் வர்றீங்க. நடுவுல ரோட்டைத் தோண்டிப் போட்டிருக்கான். என்ன பண்ணுவீங்க? பயணத்தை கேன்ஸல் பண்ணுவீங்களா, பைபாஸ்ல ஏறி வருவீங்களா?"

"பைபாஸ்லதான்."

"அதான் இது. பள்ளம் மேலே இருக்கு. நாங்க சாப்பாட்டைப் பள்ளத்துக்கு அப்பால இறக்குறோம். கீழே பதினஞ்சு அடிக்கு மேல நல்ல குடல் சும்மா கெடக்கு. அதுக்கு வேலை குடுக்க வேண்டாமா?"

குடல் வழி உணவு என்பது இவ்வளவுதான். ஓட்டை மேலே இருந்தால் அதைத் தாண்டி ட்யூப் போடலாம். மூக்கு வழியாகவே அவ்வளவு தூரம் போகிற ட்யூபும் உண்டு. ஓட்டை ரொம்பக் கீழே இருந்து, அதற்கு மேல் சுமார் நாலு அடியாவது நல்ல சிறுகுடல் இருந்தால், வாய் வழியாகவோ மூக்கு ட்யூபிலோ கொடுக்கலாம். இரண்டுக்கும் வழியில்லை என்றால் அந்த ஓட்டைக்குள்ளேயே ட்யூபை விட்டுக் கீழ்க்குடலுக்கு உணவு அனுப்புவதும் உண்டு. இங்கிலாந்தில் ஸால்ஃபோர்டு டாக்டர்கள் 12 பேருக்கு அப்படிச் செய்து பார்த்து, 11 பேருக்கு ரத்தக்குழாய் உணவை நிறுத்த முடிந்தது என்று 2004-ல் எழுதினார்கள். எதிரியின் கேட் வழியாகவே உள்ளே புகுந்த கதை!

கொஞ்சம் ஃப்ளாஷ்பேக்

1822 ஜூன் 6. அமெரிக்காவின் மாக்கினா தீவு. ரோம வியாபாரக் கடையில் தவறுதலாகத் துப்பாக்கி வெடித்து, அலெக்ஸிஸ் ஸான் மார்ட்டின் என்ற இளைஞனின் இரைப்பையில் ஓட்டை. சாப்பிட்டதெல்லாம் அந்த வழியே வெளியே வந்தது. ராணுவ டாக்டர் வில்லியம் போமான்ட் ஆளைப் பட்டினி போடவில்லை. பின்பக்கமாக எனிமா மூலம் ஆகாரம் செலுத்தினார். பிறகு ஓட்டை மேல் கட்டுப் போட்டு, சாப்பாடு உள்ளேயே தங்கும்படி செய்தார். ஓட்டை மூடவே இல்லை. அதன் வழியே எட்டிப் பார்த்தே ஜீரணம் எப்படி நடக்கிறது என்று ஆராய்ந்து, 1833-ல் புத்தகம் போட்டார். ஸான் மார்ட்டின் கல்யாணம் செய்து, பிள்ளைகள் பெற்று, டாக்டர் போய்ச் சேர்ந்த பிறகும் பல வருஷம் இருந்து 1880-ல்தான் இறந்தார். ஓட்டை வயிற்றோடு 58 வருஷம்!

ஆனால் எல்லோரும் அவ்வளவு அதிர்ஷ்டசாலிகள் இல்லை. 1960-ல் பாஸ்டன் டாக்டர்கள் தங்களிடம் வந்த 157 ஃபிஸ்டுலா நோயாளிகளின் கணக்கை வெளியிட்டார்கள். நூற்றுக்கு 43 பேர் பிழைக்கவில்லை. கிருமி, உப்பு - நீர் இழப்பு, பட்டினி என்று மூன்றும் கூட்டணி வைத்துக் கொன்றன. 1964-ல் ஸான் ஃப்ரான்ஸிஸ்கோ சர்ஜன்கள், வயிறாரக் கலோரி கிடைத்தவர்களில் சாவு வெகு குறைவு என்று காட்டினார்கள்.

1968-ல் ஃபிலடெல்ஃபியாவில் ஸ்டான்லி டட்ரிக் என்ற இளம் சர்ஜன் (நம்ம பழைய ஜெயில் ரோடு ஸ்டான்லி வேறு!) நாய்க்குட்டிகளைப் பெரிய ரத்தக்குழாய் வழி உணவிலேயே வளர்த்துக் காட்டினார். வாயும் வேண்டாம், குடலும் வேண்டாம். உலகமே வியந்தது. ஆயிரக்கணக்கான ஃபிஸ்டுலா நோயாளிகள் அதனால் பிழைத்தார்கள். இன்றும் குடலைத் தொடவே முடியாத நேரங்களில் அதுதான் கதி.

ஆனால் அதற்கும் விலை உண்டு. ரத்தக்குழாயில் கிருமி புகலாம். ஈரல் கெடலாம். நாளுக்குப் பல ஆயிரம் ரூபாய். இன்னொன்று: குடலின் உள்தோல் சில நாளுக்கு ஒருமுறை தன்னைப் புதுப்பித்துக்கொள்கிற ஜாதி. தனக்கு வேண்டிய ஆகாரத்தில் ஒரு பங்கை உள்ளே வரும் உணவிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. சும்மா கிடக்கும் குடல் மெலிகிறது. ஆகவே டாக்டர்கள் சுற்றிச் சுற்றிப் பழைய இடத்துக்கே வந்தார்கள். குடல் வேலை செய்தால் அதற்கு வேலை கொடு. முழுச் சாப்பாடு முடியாவிட்டால் கொஞ்சமாவது கொடு; மிச்சத்தை ரத்தக்குழாயில் ஏற்று.

எப்போதும் முடியுமா? முடியாது. ஓட்டைக்குக் கீழே அடைப்பு இருந்தால், குடலுக்கு ரத்தம் போகாவிட்டால், ரத்த அழுத்தம் நிலையாக இல்லாவிட்டால் கூடாது. அதைத் தீர்மானிப்பது டாக்டர் வேலை. அத்தை வேலையும் இல்லை, பி.காம். வேலையும் இல்லை.

பேரேடு

முதல் நாள் உப்பு - சர்க்கரைத் தண்ணீர் மட்டும், மணிக்கு 20 மில்லி. எனக்குப் பொறுக்கவில்லை. "பட்டினி கெடந்தவன் மேடம், ஒரேயடியா குடுத்துடலாமே?"

"குடுத்தா செத்துடுவார்" என்றார் அமைதியாக.

நீண்ட பட்டினிக்குப் பிறகு திடீரென்று முழுச் சாப்பாடு போட்டால் ரத்தத்தில் பாஸ்பரஸ், பொட்டாஷியம், மக்னீஷியம் சரசரவென்று இறங்கி இதயமே நிற்கலாம். இரண்டாம் உலகப் போர் முடிந்து முகாம்களிலிருந்து மீட்கப்பட்டவர்கள் சிலர் சாப்பாடு கிடைத்த பிறகு இறந்துபோன துயரம் அதுதான். அதனால் முதலில் வைட்டமின் பி-1 ஊசி, ரத்தப் பரிசோதனை, அப்புறம் சொட்டுச் சொட்டாக. சிறுகுடல் இரைப்பை மாதிரி பை இல்லை. டம்ளர் டம்ளராக ஊற்றினால் வயிற்றுப்போக்குதான்.

ஒரு நோட்டு வாங்கினேன். இடப்பக்கம் வரவு: எத்தனை மில்லி, எத்தனை கலோரி, எத்தனை கிராம் புரதம். வலப்பக்கம் செலவு: பையில் எத்தனை, சிறுநீர் எத்தனை. பகலில் மச்சானின் பெண்டாட்டி, ராத்திரியில் நான். டயட்டீஷியன் எழுதிக் கொடுத்த பவுடரைச் சுத்தமான கையோடு கரைப்பது, தலைப்பக்கம் கட்டிலை உயர்த்துவது, ட்யூப் அடைக்காமல் இருக்க முப்பது மில்லி தண்ணீர் விட்டு அலசுவது என்று ஒரு வாரத்தில் எனக்கு எக்ஸ்பீரியன்ஸ் சர்ட்டிஃபிகேட் கொடுக்கலாம் போல ஆகிவிட்டது.

நான்காம் நாள் இன்னொரு அதிர்ச்சி. பையில் வந்த புதுப் பித்த நீரை வடிகட்டி, அதே ட்யூபில் திரும்ப விடச் சொன்னார் டாக்டரம்மா. எனக்குக் குமட்டியது. யோசித்தால் நியாயம்தான். கொழுப்பைச் செரிக்கப் பித்தம் வேண்டும். உப்பும் நீரும் சேர்ந்தே இருக்கிறது. மேலே கசிந்த கடனைக் கீழே வசூலில் வைக்கிறோம். அவ்வளவே. (டாக்டர் சொல்லி, அவர் கண்காணிப்பில் மட்டும் செய்கிற காரியம் இது!)

பத்தாம் நாள் வரவு 1900 கலோரி. செலவு 1200-லிருந்து 700. மச்சானுக்குக் குரல் திரும்பியது. முதலில் கேட்டது, "டேய், மேட்ச் ஸ்கோர் என்ன?"

இளநீர் துரோகம்

பன்னிரண்டாம் நாள் காலையில் பையில் 1300! டாக்டரம்மா நோட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "வாயில ஏதாவது குடுத்தீங்களா?"

யாரும் பேசவில்லை. கட்டிலுக்குக் கீழே ஒரு இளநீர்க் கூடு மட்டும் உருண்டு கிடந்தது.

"நாக்கு வறண்டு போச்சும்மா புள்ளைக்கு. இளநிதானே, குளிர்ச்சி..." அத்தை அழுதுவிட்டாள்.

டாக்டரம்மா திட்டவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து சொன்னார். வாய் வழியாகப் போனது ஓட்டை வழியாகவே வந்துவிடும். போகும்போது ஜீரண நீரையும் சுரக்கச் செய்து கூட்டிக்கொண்டு போகும். கசிவு அதிகமுள்ளவர்கள் வெறும் தண்ணீரை நிறையக் குடித்தால் உடம்பிலிருந்து உப்பையும் இழுத்துக்கொண்டுதான் வெளியே போகும். அவர்களுக்கு உப்பும் சர்க்கரையும் அளவாகச் சேர்ந்த நீர்தான் நல்லது. தாகத்துக்கு வாயை ஈரத் துணியால் துடைக்கலாம்.

அன்றிலிருந்து அத்தைதான் காவல். இளநீரோடு வந்த சொந்தக்காரர்களை வார்டு வாசலிலேயே திருப்பி அனுப்பினாள்.

91 நாள்

ஆபீஸ் போகிறவர்களுக்கு இந்த நம்பர் முக்கியம். ஈ.எஸ்.ஐ.யில் நோய்க்கால உதவி என்பது சம்பளத்தில் 70 சதவீதம், வருஷத்துக்கு 91 நாள். மச்சான் அதை நம்பித்தான் படுத்திருந்தான். ஃபிஸ்டுலா ஆற ஆரம்பித்தால் நாலிலிருந்து ஆறு வாரத்தில் தானாக மூடலாம். மூடாவிட்டால் ஆபரேஷன். ஆனால் முந்தைய ரணமெல்லாம் ஆறி, வயிற்றுக்குள் இளகும்வரை மூன்று மாதம், ஆறு மாதம் காத்திருக்க வேண்டும். அவ்வளவு காலமும் ஆளை நிற்க வைப்பது ட்யூபில் போகும் சாப்பாடுதான். அது வீட்டிலும் தொடரலாம்.

மச்சானுக்கு ஏழாவது வாரம் பை காலி. இரண்டு நாள் பார்த்தோம். கட்டு காய்ந்தே இருந்தது. ஓட்டை மூடிவிட்டது. கத்தியில்லாமல்! சுவர் விளம்பரம் மாதிரிதான், ஆனால் நிஜமாக.

அப்படியும் தெம்பு வந்து வேலைக்குப் போக 120 நாள் ஆனது. கடைசி 29 நாள் சம்பளம் இல்லை. தங்கச்சியின் செயின் அடகுக் கடைக்குப் போய்த்தான் வந்தது. அந்த முதல் எட்டு நாள் பட்டினி இல்லாவிட்டால் அதில் எத்தனை நாள் மிச்சமாகியிருக்கும் என்று இன்றுவரை என் நோட்டில் கணக்கு டேலி ஆகவில்லை.

குடல் ஆபரேஷனுக்கென்றே தனித்துறைகள் நம் சென்னை மருத்துவக் கல்லூரியிலும் ஸ்டான்லியிலும் இருக்கின்றன. சென்னை மருத்துவக் கல்லூரியில் அந்தத் துறையை வளர்த்தவர் டாக்டர் ரங்கபாஷ்யம். 2002-ல் பத்மபூஷண் பெற்றவர், 2013-ல் மறைந்தார். வழி தெரியாமல் நாட்களை இழக்க வேண்டியதில்லை.

மூணு கேள்வி

உங்கள் வீட்டில் யாருக்காவது வயிற்று ஆபரேஷன் ஆகி, நாட்கணக்கில் வெறும் பாட்டில் ஓடிக்கொண்டிருந்தால், சண்டை போடாமல் பணிவாக மூணு கேள்வி கேளுங்கள்.

'இன்னிக்கு எத்தனை கலோரி, எத்தனை கிராம் புரோட்டீன் போகுது டாக்டர்?'

'குடல் வழியா குடுக்க வழியிருக்கா? இல்லேன்னா ஏன்?'

'உள்ள போறது, வெளிய வர்றது... நோட்டுல யார் எழுதுறாங்க?'

நல்ல டாக்டர் யாரும் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார். எங்கள் டாக்டரம்மா அந்த நோட்டை ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டார். 'உங்கள மாதிரி அட்டெண்டர் வார்டுக்கு ஒருத்தர் போதும்' என்றார். வேலைக்கு அப்ளிகேஷன் போடலாமா என்று கேட்க நினைத்து, பவுத்திரம் ஜோக் ஞாபகம் வந்து வாயை மூடிக்கொண்டேன்.

போன வாரம் மச்சானோடு அதே லோக்கலில் வந்தேன். 66 கிலோ. சிகரெட் இல்லை. பையில் டிபன் பாக்ஸ். சுவர் விளம்பரம் வந்ததும் என்னை இடித்தான்.

"டேய், அந்த நம்பரை இன்னும் மனப்பாடமா வெச்சிருக்கியா?"

நான் பதில் சொல்வதற்குள் டிபன் பாக்ஸைத் திறந்து ஒரு இட்லியை எடுத்து நீட்டினான். மிச்சம் மூணையும் பட்டரவாக்கம் வருவதற்குள் அவனே முடித்துவிட்டான்.